தட்டு மாறிய காப்பி

என் தங்கையின் காப்பியைப் பாயசம் என்றுதான் வீட்டில் கேலி செய்வோம். அவ்வளவு சர்க்கரை. அறுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணத்துக்கு முன்பே, அவளுக்கு இரண்டு கடைவாய்ப் பற்கள் போய்விட்டன. மூன்றாவதை அடைத்த புத்தூர் பல் டாக்டர், "நாள் முழுக்கப் பல்லு சர்க்கரையிலேயே ஊறுதும்மா. இப்படியே போனா அடுத்தது முன்பல்லுதான்" என்றார்.

காப்பியை விட முடியாது என்றாள். அப்படியானால் சாக்கரின் மாத்திரை போட்டுக் குடி என்றார் டாக்டர். இனிக்கும், பல்லைக் கெடுக்காது. கடுகைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை மாத்திரை. குடித்த பிறகு அடிநாக்கில் ஒரு கசப்பு நிற்கும். அவளுக்கு அது சீக்கிரமே பழகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் லால்குடியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கு ரயில்வேயில் வேலை. ஏற்கெனவே இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்ததால், இது நிலைக்க வேண்டுமே என்று அம்மாவுக்குக் கவலை.

தங்கைதான் காப்பித் தட்டை எடுத்து வந்தாள். அடுக்களையில் அவளுக்கென்று தனியாக வைத்திருந்த டம்ளரும் பதற்றத்தில் தட்டில் ஏறிவிட்டது. அது பையனின் அம்மா கைக்குப் போயிற்று.

"என்னங்க இது? முதல்ல இனிக்குது, அப்புறம் கசக்குது!"

அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. "அது பொண்ணோட டம்ளருங்க. சாக்கரின் போட்டது."

அப்போதெல்லாம் சாக்கரின் என்றால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான்.

"இந்த வயசுலயே சர்க்கரை வியாதியா?" என்று கேட்டுக்கொண்டே பையனின் அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

தங்கை நிமிர்ந்தாள். "வியாதி இல்லீங்க. சொத்தைப் பல்லு. பல் டாக்டர்தான் சர்க்கரைக்குப் பதிலா இதைப் போடச் சொன்னாரு" என்றவள், பையனின் அம்மா முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டினாள். எங்கள் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த அம்மாள் ஜவுளிக்கடையில் புடவை பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார்.

"இது அடைச்சதா? வலிச்சுதா?"

"வலிக்கலீங்க. மிஷின் சத்தம்தான் பயமா இருந்துச்சு."

வந்ததிலிருந்து முந்தானையால் வாயை மறைத்தபடியே பேசிக்கொண்டிருந்தவர், இப்போது முந்தானையை எடுத்தார். கீழ்வரிசையில் நடுப்பற்கள் இல்லை.

"எனக்கு அப்பவே இப்படி ஒரு டாக்டர் சொல்லியிருக்கலாம்" என்று சிரித்தவர், கணவரிடம் திரும்பி, "ஏங்க, துண்டைக் கீழ வைங்க. எங்க போறீங்க?" என்றார்.

ஆறிப்போன அந்தக் காப்பியை அவரே குடித்து முடித்தார். கிளம்பும்போது அம்மாவிடம் முகூர்த்தத்தைப் பற்றிப் பேசினார். என்னிடம், மாத்திரை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் லால்குடிக்குப் போயிருந்தேன். தங்கையின் மாமியார் காப்பி கொடுத்தார். கசந்தது.