நம்ம வண்டிக்கு எட்டு ஓட்டை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே காலுக்குச் சின்னவரின் வலது கை வண்டிக் கூரைக்குள் மாட்டிக்கொண்டது.

சின்னவருக்கு வயது நாற்பத்தாறு. முன்தலை வழுக்கை, ஒரு முழங்காலில் வலி, எழுத்தைப் படிக்கக் கண்ணாடி. ஆனாலும் வீட்டிலும் கடையிலும் தெருவிலும் அவர் சின்னவன்தான். அவருக்கு முன்னால் பெரியவர் ஒருவர் பிறந்துவிட்டதால் இந்த ஜென்மத்தில் அவர் வளர வழியில்லை. பெரியவருடையது அலுமினியக் கதவு, ஜன்னல் செய்து பொருத்தும் கடை. பதினெட்டு வயதில் அதற்குள் போன சின்னவர் இருபத்தெட்டு வருடமாக அங்கே அளவெடுக்கிறார், அறுக்கிறார், ஏற்றுகிறார், இறக்குகிறார். சம்பளம் என்பது அந்தக் கடையில் கெட்ட வார்த்தை. "நம்ம கடையில உனக்கு எதுக்குடா சம்பளம்? நீ என்ன வேலைக்காரனா?" என்பார் பெரியவர். வேலைக்காரர்கள் இரண்டு பேர் உண்டு. அவர்கள் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

"தம்பி உடையான் படைக்கு அஞ்சான்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெரியவர் சின்னவரின் முதுகில் தட்டிச் சொல்வதுண்டு. அண்ணன் உடையான் எதற்கெல்லாம் அஞ்சுவான் என்று ஒரு பழமொழியும் இல்லை. தம்பிகளுக்குப் பழமொழி சொல்ல நேரம் கிடைத்திருக்காது.

பெரியவரின் வாயில் எல்லாமே 'நம்ம'. நம்ம கடை, நம்ம வீடு, நம்ம வண்டி. 'எங்க' என்று சொன்னால் எதிரில் நிற்பவர் வெளியே நிற்பார். 'நம்ம' என்றால் அவரையும் உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். பாசமான சொல் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். உள்ளே இழுக்கப்பட்டவரைக் கேட்டுவிட்டு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

வண்டி உண்மையில் சின்னவரின் மனைவியுடையது. அவர் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறவர்; நாள் முழுக்க மற்றவர்களின் ரத்தத்தைப் பார்த்துச் சம்பாதித்து வாங்கிய கார். வாங்கிய மறுநாளே அது நம்ம வண்டி ஆயிற்று. லைசென்ஸ் எடுப்பதற்காக அந்த அம்மா மூன்று முறை நாள் வாங்கினார். மூன்று முறையும் அன்றைக்கு வண்டி கடைக்கு அலுமினியப் பைப் ஏற்றப் போயிருந்தது. வண்டிக்காரிக்கு இன்றுவரை வண்டி ஓட்டத் தெரியாது.

பத்து நாளைக்கு முன்னால் அவருக்கு வேறு ஊரில், ஆறு மணி நேரத் தொலைவில், பெரிய லேப் ஒன்றில் பொறுப்பான வேலை கிடைத்தது. திங்கள் பகல் பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். வீடு பார்த்தாகிவிட்டது. "நானும் வரேன்" என்று சின்னவர் சொன்னார். அதைப் பெரியவரிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"சொல்லிட்டீங்களா?" என்று வியாழக்கிழமை கேட்டார் மனைவி.

"நாளைக்குச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை கேட்டார். "கடையில கூட்டம்" என்றார் சின்னவர். சனிக்கிழமை அவர் கேட்கவில்லை. துணிகளை இரண்டு பெட்டியில் அடுக்கினார். ஒன்று தன்னுடையது. மற்றது கணவருக்கு; அதைத் திறந்தே வைத்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை மாலை பெரியவர் பழைய வண்டி உடைக்கும் இடத்திலிருந்து கூரைக்கம்பி ஒரு ஜோடி கொண்டுவந்து வாசலில் போட்டார். வண்டியின் தலையில் நீளவாட்டத்தில் மாட்டி, அதன்மேல் பைப்பை வைத்துக் கட்டுவதற்கான கம்பி. வேறு ஏதோ நீள வண்டியிலிருந்து கழற்றியது. நம்ம வண்டியின் கூரையைவிட ஒரு சாண் அதிகம்.

"வெட்டிடலாம்" என்றார் பெரியவர். அலுமினியக் கடைக்காரருக்கு உலகத்தில் எந்த நீளமும் ஒரு பிரச்சினை இல்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வேலை ஆரம்பமாயிற்று. சின்னவர் உள்ளே போய்க் கைப்பிடிகளைக் கழற்றிக் கூரையின் உட்துணியை இறக்கினார். பெரியவர் ஸ்டூலில் ஏறி, அட்டையில் வெட்டிய அளவைக் கூரையில் வைத்து, சாக்பீஸால் புள்ளி போட்டு, டிரில்லை வைத்தார். கம்பிக்கு நாலு கால், ஆக எட்டு ஓட்டை. முதல் ஓட்டை விழுந்த சத்தத்துக்குச் சின்னவரின் மனைவி ஜன்னலுக்கு வந்தார். எட்டாவது வரைக்கும் அங்கேயே நின்றார். அவர் ஊசியை எடுத்தால் நரம்பு எங்கே என்று பார்த்துத்தான் குத்துவார்.

ஓட்டை போட்ட பிறகு முறை இதுதான்: மேலிருந்து பெரியவர் போல்ட்டை இறக்குவார். உள்ளே சின்னவர் சாய்த்த சீட்டில் மல்லாந்து படுத்து, கூரைத் தகட்டுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் சந்தில் கையை விட்டு, நட்டு பற்றவைத்த ஓர் இரும்புப் பட்டையை நேராகப் பிடித்துக்கொள்வார். பெரியவர் முறுக்குவார். மூன்று போல்ட் இப்படி ஏறியது. நாலாவதில் வியர்வையில் வழுக்கிப் பட்டை கையை விட்டுப் போயிற்று. போல்ட்டோடு சேர்ந்து சுற்றி, அதன் முனை சின்னவரின் மணிக்கட்டைச் சட்டத்தோடு வைத்து நெரித்தது.

"அண்ணே, நிறுத்து. கை மாட்டிக்கிச்சு."

"எடு."

"வரல. அரைச் சுத்து லூஸ் பண்ணு."

பெரியவர் யோசிக்கிறார் என்று ஸ்டூலின் கிறீச்சிலிருந்து தெரிந்தது.

"லூஸ் பண்ணினா பட்டை உள்ள விழுந்துரும்டா. அப்புறம் அதை எவன் தேடுறது? நீ விரலால மெதுவா தள்ளு. போயிடும்."

"விரல் அசைய இடமில்லண்ணே."

"அவசரப்படாத. வேலைன்னா நாலு சிராய்ப்பு இருக்கும்."

அண்ணி டீ கொண்டுவந்தார். தன் கணவருக்கு மேலே ஒரு டம்ளர் நீட்டிவிட்டு, வண்டிக்குள் எட்டிப் பார்த்து, கொழுந்தனின் முகத்தைக் கண்டு பதறினார்.

"ஐயோ, என்ன தம்பி இது? முகமே கறுத்துப் போச்சே."

"ஒண்ணுமில்ல அண்ணி."

"கவலைப்படாதீங்க. மேல இருக்கிறவன் பாத்துப்பான்."

மேலே இருந்தவர் ஸ்டூலிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். போல்ட்டை முறுக்கும் ராட்செட் அவர் மடியில் இருந்தது. உலகத்தின் பெரும்பாலான துன்பங்களில் ராட்செட் யார் மடியில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை.

அப்போது பெரியவரின் போன் அடித்தது. கட்டடக் காண்ட்ராக்டர் ஒருவர்.

"நாளைக்குத்தானே? காலைல ஏழு மணிக்கு உங்க வாசல்ல பைப் இருக்கும். இனிமே வாடகை வண்டிக்குக் காத்திருக்கிற கதையே இல்ல. நம்ம வண்டியிலேயே வரும். என் தம்பியே ஓட்டிட்டு வருவான். நாளைக்கு மட்டும் இல்லங்க, தினமும்."

சின்னவருக்கு மூக்கிலிருந்து ஒரு முழ உயரத்தில் கூரை. இருபத்தெட்டு வருடத்தில் அவர் அண்ணனிடம் 'சரிண்ணே' என்று சொன்னது எத்தனை ஆயிரம் முறை இருக்கும் என்று யாரும் எண்ணியதில்லை. இப்போதும் சமாதானமாகத்தான் பேச நினைத்தார். 'அண்ணே, நாளைக்கு நம்ம வண்டி வேண்டாம், வாடகை வண்டி பாரு' என்று சொல்ல நினைத்தார். வலியில் நாக்கு புரண்டுவிட்டது.

"அண்ணே, நாளைக்கு எங்க வண்டி..."

மேலே டீ உறிஞ்சும் சத்தம் நின்றது.

"என்ன சொன்ன?"

அண்ணி நல்லவர். சட்டென்று புகுந்தார். "வண்டி எங்கன்னு கேட்டிருப்பாருங்க."

"வண்டிக்குள்ள படுத்துக்கிட்டு வண்டி எங்கன்னு கேக்கிறானா?"

"வலியில தெரியலையோ என்னவோ."

பெரியவர் சிரித்தார். அண்ணியும் சிரித்தார். சின்னவருக்குத் தானும் சிரித்துவிட்டால் போதும் என்று தெரிந்தது. 'ஆமாண்ணே, மூளை கலங்கிப் போச்சு' என்றால் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விடும். அரைச் சுற்றுகூடக் கிடைக்கும். தலையைத் திருப்பினார். பின்கதவு வழியாக வாசற்படி தெரிந்தது. படியில் மனைவி நின்றுகொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"கேக்கல அண்ணே. சொன்னேன்" என்றார் சின்னவர். "எங்க வண்டி. அவளுக்கு நாளைக்கு வேலையில சேரணும். வேற ஊர்ல. நானும் போறேன்."

சொல்லி முடிக்கும்போது குரல் தேய்ந்துவிட்டது. ஆனாலும் தகரக் கூரை, கேட்டுவிட்டது.

பெரியவர் டம்ளரைக் கூரைமேல் வைத்தார். ஸ்டூலிலிருந்து இறங்கினார். குனிந்து உள்ளே பார்த்தார்.

"அப்படியா? சரி. இது எங்க ராட்செட்" என்றார். அதைத் துணியால் துடைத்து, எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். அண்ணி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவர் பின்னால் போனார்.

சின்னவரின் மனைவி சமையலறைக் குழாய்க்கு வைத்திருந்த ஸ்பேனரோடு வந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறினார்.

"எந்தப் பக்கம் திருப்பணும்?"

"உன் இடது கைப்பக்கம்."

ஸ்பேனர் இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை பிடித்தது. பட்டை கழன்று கூரைக்குள் எங்கோ சறுக்கி விழுந்தது. பெரியவர் சொன்னது அந்த ஒன்றில் சரி. கை வெளியே வந்தபோது மணிக்கட்டு வேறு யாருடையதோபோல் வீங்கியிருந்தது. மனைவி விரல் விரலாக மடக்கச் சொல்லிப் பார்த்தார். எலும்பு உடையவில்லை. ஆனால் இந்தக் கையால் ஸ்டியரிங்கைத் திருப்ப முடியாது என்பது இருவருக்கும் தெரிந்தது.

மாலையில் பெரியவர் வந்தார். கையில் தைலமும் வெந்நீரும். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தம்பியின் கையைத் தன் தொடைமேல் வைத்து, மெதுவாகத் தேய்த்தார். அப்பா செத்தபோது சின்னவருக்கு வயது பன்னிரண்டு. அன்றிலிருந்து சோறு போட்டதும், காய்ச்சலில் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியதும் இந்தக் கைகள்தான். அதில் ஒன்றும் பொய்யில்லை. அதனால்தான் அந்தப் பிடியிலிருந்து கழன்றுகொள்வது இரும்புப் பட்டையைவிடக் கடினம்.

"இந்தக் கையோட எப்படிடா போவ? அவ முன்னால போகட்டும். நீ ஒரு வாரம், பத்து நாள் இருந்து ஆற வச்சுட்டுப் போ. நான் என்ன தடுக்கவா போறேன்? அதுவரைக்கும் வண்டியை ஆள் வச்சு ஓட்டிக்கிறேன். மீதிக் கம்பியை நானே மாட்டிடுறேன். சரியா?"

தைலம் இதமாக இருந்தது.

"சரிண்ணே" என்றார் சின்னவர்.

மனைவி அடுத்த அறையில் பெட்டியை மூடும் சத்தம் கேட்டது. ஒரு பெட்டி.

விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றபோது, சின்னவர் இடது கையால் சட்டைப் பொத்தான்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மூன்று பொத்தான் ஏறியது, அதுவும் கோணலாக. மனைவி உதவிக்கு வரவில்லை. வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"என் துணி?" என்றார் சின்னவர்.

"அந்தப் பெட்டி இன்னும் திறந்துதான் இருக்கு. மூடணும்."

சின்னவர் முழங்காலால் அழுத்தி மூடினார்.

வாசலில் வண்டி நின்றது. வலது பக்கம் கம்பி, இடது பக்கம் நாலு ஓட்டை. மழை வந்தால் உள்ளே இறங்கும். மனைவி நேற்றே பிளாஸ்டிக் டேப்பை நறுக்கி நாலு ஓட்டையிலும் ஒட்டியிருந்தார், ஊசி குத்திய இடத்தில் ஒட்டுவதுபோல. வண்டிச் சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பெரியவரின் ஜன்னலில் விளக்கு எரியவில்லை. இருவரும் ஆளுக்கொரு பெட்டியோடு பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள்.

பஸ் கிளம்பி ஒரு மணி நேரத்தில் போன் அடித்தது. வலது பாக்கெட்டில் இருந்தது. வலது கை உள்ளே போகாது, இடது கை எட்டாது.

"எடுத்துத் தரவா?"

"வேணாம். எடுத்தா அண்ணன் வேலை சொல்லுவாரு."

நின்று மறுபடி அடித்தது. மூன்றாம் தடவை சின்னவர் சீட்டில் உடம்பை முறுக்கி, இடது கையை வளைத்து, தானே எடுத்துவிட்டார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரியவர் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. அறுக்கும் மெஷினுக்குப் புது பிளேடு எங்கே என்று கேட்டார். மேல் அலமாரியில், பிசின் டப்பாவுக்குப் பின்னால் என்றார் சின்னவர். ஆஸ்பத்திரி ஜன்னலின் அளவு எந்த நோட்டில் என்றார். சிவப்பு நோட்டில், கடைசிப் பக்கத்திலிருந்து மூன்றாவது. கதவுக்கு ரப்பர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, இடது ஷட்டர் ஏன் இழுத்தால் வரமாட்டேன் என்கிறது, எல்லாம் கேட்டார். கீழே உதைத்துவிட்டுத் தூக்கணும் அண்ணே என்றார் சின்னவர். கடை முழுவதும் அவர் தலைக்குள் இருந்தது; அதை அவர் பெட்டியோடு தூக்கிக்கொண்டுதான் வந்திருந்தார்.

"சரி, வண்டி சாவி எங்க வச்ச? பைப் ஏத்தணும். ஆள் வந்து நிக்கிறான்."

"சாவி இங்க இருக்குண்ணே."

"அடுத்த ஸ்டாப்ல இறங்கி, திரும்பி வர்ற பஸ்ல குடுத்துவிடு. எட்டுக்குள்ள வந்துரும்."

பஸ் ஒரு பாலத்தின்மேல் ஏறியது. கண்டக்டர் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி, இறங்குகிறவர்கள் முன்னால் வரச் சொன்னார். சின்னவரின் கால்கள் தாமாகவே கொஞ்சம் நகர்ந்தன. மனைவி மடியிலிருந்த பையைத் திறக்கவும் இல்லை, இறுக்கிப் பிடிக்கவும் இல்லை.

"அது வராதுண்ணே" என்றார் சின்னவர்.

மறுமுனையில் பெரியவர் பேச ஆரம்பித்தார். சின்னவர் போனை வைக்கவில்லை. இடது காதில் அழுத்திக்கொண்டு, பஸ் நின்று, ஆட்கள் இறங்கி, மறுபடி கிளம்பி வெகுதூரம் போகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.