பீரோவில் பூட்டிய மாஸ்க்குகள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தோலைத் தேய்த்து மெருகேற்றும் பஃபிங் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் பாதுகாப்பு ஆடிட்டுக்கு வரும் நாளில் மட்டும் எல்லோருக்கும் மாஸ்க் கொடுப்பேன். அவர்களுடைய கார் கேட்டைத் தாண்டியதும் திருப்பி வாங்கி, அடுத்த ஆடிட்டுக்கென்று பீரோவில் பூட்டிவிடுவேன்.

பதினோரு வருடம் எங்கள் பிரிவின் தோல் தூசியில் நின்று வேலை பார்த்த செல்வி அக்காவைப் பார்க்க, போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். முதல் பந்தே மேலேறவில்லை.

“தூசி நுரையீரல்ல படிஞ்சிபோச்சி. மாஸ்க் போட்டுக்கலியா?” என்று நர்ஸ் கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். அக்கா மூச்சிரைக்கச் சொன்னார்: “சார் குடுத்தாரும்மா. நான்தான் பேஜாரா இருக்குன்னு கழட்டிட்டேன்.”

மறுநாள் பீரோவைத் திறந்து எல்லோருக்கும் கொடுத்தேன். ஒன்று மிஞ்சியது. அதை இன்னொருவருக்குக் கொடுக்க இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை.