ஈஸ்வரி கலக்கிய பால்

கமுதிக்குத் தெற்கே மிளகாய்க் காடுகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு சிற்றூரில், தம்பி காளிதாஸின் வீட்டில் இருந்தாள் ஈஸ்வரி. கட்டிக்கொடுத்த இடத்தில் பிள்ளை இல்லையென்று வேறொருத்தியைக் கொண்டுவந்தபோது, சண்டை போடாமல் ஒரு துணிப்பையோடு பஸ் ஏறி வந்துவிட்டவள். தம்பி பெண்டாட்டி யுவராணி அவளை விருந்தாளியாகவும் நடத்தவில்லை, வேலைக்காரியாகவும் நடத்தவில்லை. இருவரும் ஒன்றாக மிளகாய் எடுக்கப் போவார்கள், ஒரே தூக்குவாளியில் கஞ்சி குடிப்பார்கள்.

யுவராணிக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒரு பையன், ஒரு பெண். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் பிறந்தார்கள். ஆனால் அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. பிள்ளைகளின் முகத்தைச் சரியாகப் பார்க்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தாய்ப்பாலுக்கு வழியில்லாததால் டாக்டர் பவுடர் பால் எழுதிக்கொடுத்தார். எப்படிக் கலக்குவது என்று செய்து காட்டியவள் நஃபீசா. கீழக்கரையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் நர்ஸ்.

"கைய சோப்புப் போட்டுக் கழுவுங்கக்கா. பால் புகட்டுற சங்கையும் டம்ளரையும் தண்ணியில போட்டுக் கொதிக்க வைங்க. கேன் தண்ணியா இருந்தாலும் நல்லாக் கொதிக்கணும். ரொம்ப ஆற விட்டுராதீங்க, சூடா இருக்கும்போதே பவுடரப் போடணும். பவுடருக்குள்ளயும் கிருமி இருக்கும், அந்தச் சூட்டுலதான் சாகும். முதல்ல தண்ணிய அளந்து ஊத்துங்க, அப்புறம் டப்பாவுல இருக்கிற கரண்டியால தலைதட்டிப் போடுங்க. இந்த டப்பாவுக்கு முப்பது மில்லிக்கு ஒரு கரண்டி. கலக்கிட்டு, டம்ளரப் பச்சத்தண்ணியில வச்சு ஆத்தி, மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. மிச்சமான பால எடுத்து வைக்காதீங்க, கொட்டிருங்க."

ஈஸ்வரி எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னாள். ஊருக்கு வந்ததும் காட்டு வேலையை நிறுத்திவிட்டாள். மிளகாய்க் காரம் எத்தனை கழுவினாலும் விரலிடுக்கில் நிற்கும். அந்தக் கையால் பிள்ளைகளைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. பையனுக்கு அய்யப்பன் என்றும் பெண்ணுக்கு மாரிச்செல்வி என்றும் பெயர் வைத்தார்கள். மாரிச்செல்வி சங்கை வாயில் வைத்ததும் குடித்துத் தீர்ப்பாள். அய்யப்பன் நோஞ்சான். பாதி குடிப்பான், பாதி கக்குவான்.

சித்திரை வெயில் ஏறியபோது அவன் முதுகெல்லாம் வேர்க்குரு. பக்கத்து வீட்டு பூமயில் வந்து பார்த்தாள். நாலு பிள்ளை பெற்று வளர்த்தவள்.

"ஏத்தா, இது பவுடர் சூடு. நோஞ்சான் பிள்ளைக்கு இம்புட்டுக் கெட்டியாவா குடுப்பாக? பாதி பவுடரப் போட்டுத் தண்ணியாக் குடு. நடுவுல வெந்நிய ஆத்தி வாயில விடு. குளுந்து போகும்."

ஈஸ்வரிக்கு அது சரியென்றே பட்டது. அந்த அளவு ஏன் என்று நஃபீசா சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மாரிச்செல்விக்குப் பழையபடியே கலக்கினாள். அய்யப்பனுக்கு மட்டும், பாசத்தினால், நீர்க்கக் கலக்கி, நடுவில் வெந்நீரும் ஆற்றிக் கொடுத்தாள்.

அவன் அழுவது குறைந்தது. நிறையத் தூங்கினான். காட்டிலிருந்து வந்த காளிதாஸிடம் அவளே பெருமையாகச் சொன்னாள், "இப்பல்லாம் அழுகவே மாட்டேங்கான் பாரு." அவனும் குனிந்து பார்த்து, "பய நல்லாத் தூங்குறான்க்கா" என்று சிரித்தான். யுவராணி போனபிறகு அந்த வீட்டில் யாராவது சிரித்தது அன்றுதான்.

ஒருநாள் காலையில் பால் கொடுக்கத் தூக்கியபோது பிள்ளையின் கை வெட்டி வெட்டி இழுத்தது. கண் ஒருபக்கமாகச் செருகிவிட்டது. ஆம்புலன்ஸில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை டாக்டர் ஒரு சின்னப் பெண். எத்தனை தண்ணீருக்கு எத்தனை கரண்டி என்று கேட்டாள். ஈஸ்வரி மறைக்காமல் சொன்னாள்.

"தண்ணி கூடிப்போச்சும்மா. ரத்தத்துல உப்பு ரொம்பக் குறைஞ்சிருச்சு, அதான் பிட்ஸ். சின்னப் பிள்ளைக உடம்பு அவ்வளவு தண்ணியத் தாங்காது. அவன் தூங்கல. மயக்கத்துல இருந்திருக்கான்."

மறுநாள் அய்யப்பன் இறந்துபோனான்.

கண்மாய்க்கரையில் காளிதாஸே குழி வெட்டினான். வேறு யாரையும் மண்வெட்டியைத் தொடவிடவில்லை. வீட்டுக்கு வந்தபோது மாரிச்செல்வி பசியில் கத்திக்கொண்டிருந்தாள். ஈஸ்வரி அடுப்படிச் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, பாப்பா அழுகுது."

"நான் தொட மாட்டேன். என் கையால ஒன்னு போச்சு. யார்கிட்டயாவது குடுத்துரு."

அவனே எழுந்து வெந்நீர் வைத்தான். பவுடர் தரையெல்லாம் சிந்தியது. கரண்டியை வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிவந்து அக்காவின் மடியில் கிடத்தினான்.

"எனக்கு மட்டும் தெரிஞ்சுச்சா? நல்லாத் தூங்குறான்னு நானுந்தான சொன்னேன். இதையும் விட்டுட்டு நான் எங்கக்கா போறது?"

அவள் அழவில்லை. பிள்ளையின் காலை மட்டும் பிடித்துக்கொண்டாள். அன்றிரவு அவள் அளவு சொல்லச் சொல்ல, காளிதாஸே பால் கலக்கிக் கொடுத்தான்.

மறுநாள் இருவருமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு, நஃபீசாவிடம் போனார்கள். நடந்ததைக் கேட்டதும் அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "தண்ணியக் கூட்டினா என்ன ஆகும்னு அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும்க்கா. அளவ மட்டும் சொன்னேன். நடுவுல வெறுந்தண்ணி குடுக்கக்கூடாதுன்னும் சொல்லல." பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். "நீங்க கலக்குங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

ஈஸ்வரி கலக்கினாள். தலைதட்டும்போது கரண்டியின் விளிம்பில் ஒட்டிய துகளைக்கூட உதறினாள். நஃபீசா ஒருமுறையும் குறுக்கே பேசவில்லை. மாரிச்செல்வி குடித்து முடித்து ஏப்பம் விட்டபோது ஈஸ்வரி வாய்விட்டு அழுதாள். வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பூமயில் பல நாள் வாசல்வரை வந்து நின்று திரும்பிப் போனாள். ஒருநாள் ஈஸ்வரியே கூப்பிட்டாள். "உள்ள வாங்க மதினி. நீங்க கெட்டத நெனச்சா சொன்னீக?" பூமயில் பிள்ளைத் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் போனாள்.

மாரிச்செல்வி பிழைத்துக்கொண்டாள். கூழும் பருப்புச் சோறும் தின்று, தவழ்ந்து, கயிற்றுக்கட்டிலைப் பிடித்து நடக்கவும் தொடங்கினாள். காளிதாஸ் வெயிலில் கறுத்துத் திரும்பும்போதெல்லாம் கை நீட்டுவாள்; அவன் தூக்கிக்கொள்வான், ஆனால் அவள் தூங்கினால் மட்டும் கன்னத்தைத் தட்டி எழுப்பிவிடுவான். ஈஸ்வரி அதைத் தடுக்கமாட்டாள். அவளும் இரவில் அப்படித்தான் செய்தாள்.

இப்போது பிள்ளைக்குப் பேச்சு வந்துவிட்டது. அடுப்படியில் நிற்கும் ஈஸ்வரியின் சேலையைப் பிடித்து இழுத்து "அம்மா" என்கிறாள். ஒவ்வொரு முறையும் ஈஸ்வரி குனிந்து, அவள் வாயைத் துடைத்துவிட்டு, "அத்தைன்னு சொல்லுத்தா" என்கிறாள். பிள்ளை கேட்பதில்லை.