வியாழக்கிழமைக் கூட்டமும் மக்பூல் வாத்தியாரும்

மக்பூல் வாத்தியாரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து அதை ஒளிப்பதில் அர்த்தமில்லை.

நடுவட்டத்திலிருந்து மூன்று மைல் ஏறினால் வரும் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் தலைமை வாத்தியார். பெயர் செலஸ்டின், ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். பள்ளிக்கூடம் என்றால் தகரக் கூரை, மூன்று அறை, மூன்று வாத்தியார், அவ்வளவுதான். முதல் இரண்டு வகுப்புக்கும் தபித்தாள் டீச்சர். மூன்றாம் வகுப்பு மக்பூல். நான்கும் ஐந்தும் என்னுடையவை.

மக்பூல் ஊட்டி பஜாரில் பிறந்து வளர்ந்தவர். அப்பாவுக்கு அங்கே துணிக்கடை. வெயில் படாமல் கடையில் உட்கார்ந்து முழம் போட வேண்டியவர், அட்டை கடிக்கும் இந்தத் தோட்டத்துக்கு ஏன் வந்தார் என்பதே என் முதல் சந்தேகம். இருபத்தாறு வயது, ஒல்லி உடம்பு, கழுத்துவரை பட்டன் போட்ட கறுப்புக் கோட்டு. பிரம்பைத் தொடவே மாட்டார். பிரம்பு எடுக்காத வாத்தியாரை நான் அதுவரை பார்த்ததில்லை. "யாரிடம் நல்ல பெயர் வாங்க இந்த வேஷம்?" என்று தபித்தாளிடம் கேட்டேன். அந்த அம்மாள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே, "அவரு அப்படித்தானுங்க சார்" என்றார். அந்தப் பதிலும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

1936 பிப்ரவரியில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்து இறங்கினார். போன நவம்பரில் இன்ஸ்பெக்டர் வைத்த பரீட்சையில் பாதிப் பிள்ளைகள்கூடத் தேறவில்லை; முக்கால்வாசிப் பேர் கணக்கில் விழுந்தார்கள். துரை அறைகளைச் சுற்றிப் பார்த்தார், சுவரைக் கைத்தடியால் தட்டிப் பார்த்தார். வரும் நவம்பரிலும் இதே கதை என்றால் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுக் கட்டிடத்தில் உர மூட்டை அடுக்கப்போவதாகச் சொன்னார். பிள்ளைகளைக் கொழுந்து பறிக்க அனுப்பிவிடலாமாம். எனக்கு நான்கு பிள்ளைகள். கீழே போனால் இன்னொரு வேலை எனக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை.

மறுநாளே மக்பூல் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? வாரத்துல ஒரு நாள், வியாழக்கிழமைன்னு வைங்க, ஒருத்தர் வகுப்புல மத்த ரெண்டு பேரும் உக்காந்து பாக்கலாமுங்க. சாயங்காலம் மூணு பேரும் பேசி, எந்தப் புள்ளைக்கு எது வரலைன்னு எழுதி வைக்கலாம்."

"என் வகுப்பிலுமா?"

"என் வகுப்புலயுந்தானுங்க."

என்னைவிடப் பத்து வயது சின்னவர், என் வகுப்பில் உட்கார்ந்து என்னைப் பார்க்க வேண்டுமாம். வேண்டாம் என்றால் தலைமை வாத்தியார் பயந்துவிட்டார் என்று பேச்சு வரும். சரி என்றேன். ஆனால் கூட்டத்தில் எழுதுவது நான் மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன். தலையாட்டினார்.

முதல் வியாழக்கிழமை என் நான்காம் வகுப்பில் கடைசிப் பலகையில் வந்து உட்கார்ந்தார். நான் கணக்குப் போட்டேன். இன்ஸ்பெக்டருக்கு உள்ளூர் உதாரணம் பிடிக்கும் என்பதால் மூன்று வகுப்புக்கும் கொழுந்துக் கணக்கே போடச் சொல்லியிருந்தவன் நான்தான். "ஒருத்தி காலையில் இருபத்துமூன்று ராத்தல், மத்தியானம் பத்தொன்பது, சாயங்காலம் பதினாறு ராத்தல் கொழுந்து பறித்தாள். மொத்தம் எவ்வளவு?" விடை ஐம்பத்தெட்டு. பாதிப் பேர் ஐம்பத்திரண்டு என்று எழுதினார்கள். வரிசையாக நிறுத்தி ஆளுக்கு இரண்டு அடி கொடுத்தேன். மக்பூல் என்னைப் பார்க்கவே இல்லை, அடிபட்ட பிள்ளைகளின் சிலேட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அந்தச் சிலேட்டுகளை அழிக்காமல் வைக்கச் சொன்னார். என் வகுப்பின் லட்சணத்தைச் சாட்சியோடு பிடித்து வைக்கிறார் என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

அந்த வாரத்திலேயே அவரை இரண்டு முறை இலை நிறுக்கும் கொட்டகை அருகே பார்த்தேன். இலை நிறுக்கும் ரைட்டர் வேலன் துரைக்கு வலது கை. வாத்தியாருக்கு அங்கே என்ன வேலை? எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் வகுப்பில் நடப்பது வேலன் வழியாகத் துரை பங்களாவுக்குப் போகிறது. என்னைத் தூக்கிவிட்டு அந்த நாற்காலியில் உட்காரப் பார்க்கிறார். அன்றிலிருந்து தோட்டத்துக் கடைக்கு அரிசி வாங்கப் போனாலும் சுற்று வழியில் கொட்டகைப் பக்கம் போய் நோட்டம் விட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை மூன்று வகுப்புச் சிலேட்டுகளையும் ஒரே மேசையில் பரப்பினார் மக்பூல்.

"டீச்சர் வகுப்புல ஒம்பதும் எட்டும் பதினேழு வரணுமுங்க, பதிமூணுன்னு இருக்குது. என் வகுப்புல பதினெட்டும் பதினாலும், முப்பத்திரண்டுக்கு இருபத்தெட்டு. சார் வகுப்புல ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்திரண்டு. ரெண்டு தடவை நிறுத்தா நாலு கொறையுது, மூணு தடவைன்னா ஆறு."

தபித்தாள் பின்னலைக் கீழே வைத்தார். "மாம்பழக் கணக்குப் போட்டா சரியாத்தானுங்க சொல்றாங்க. கொழுந்துன்னா மட்டும் தப்புது."

மக்பூல் வாசலுக்குப் போய் அவர் வகுப்புப் பெண் மூக்கம்மாவைக் கூப்பிட்டார். எட்டு வயது, கம்பளித் துண்டுக்குள் இரண்டு கண் மட்டும் தெரியும். அடிக்கப்போகிறோம் என்று நினைத்துக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"பயப்படாதே. நீ எப்படிப் போட்டேன்னு மட்டும் சொல்லு."

"கூட்டிட்டுக் கழிச்சனுங்க."

"எதுக்குக் கழிச்சே?"

அவள் எங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். இதுகூடத் தெரியாதா உங்களுக்கு என்ற பார்வை. "ஒவ்வொரு நெறைக்கும் கூடைக்கு ரெண்டு ராத்தல் போகுமில்லீங்க? ரைட்டரய்யா கழிப்பாரு. கழிக்காட்டி அம்மா திட்டும்."

தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்குக் கொழுந்து என்று காதில் விழுந்தாலே கை தானாக இரண்டைக் கழிக்கிறது. அவர்களுக்குக் கூட்டல் நன்றாகவே தெரியும். தெரியாதவன் நான்தான், அதற்காக எத்தனை உள்ளங்கையைச் சிவக்க வைத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. மக்பூல் கொட்டகைப் பக்கம் போனது இதைப் பார்க்கத்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. புரிந்தும் என்ன? இதையும் வேலனிடம் சொல்வாரோ என்றுதான் உடனே நினைத்தேன்.

கழிக்காதே என்று வெறுமனே சொன்னால் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள், பழக்கம் அப்படி. கூடையை இலையிலிருந்து பிரித்துக் கண்ணால் காட்ட வேண்டும் என்று யோசனை சொன்னவன் நான். ஆமாம், நான்தான். காலிக் கூடை ஒன்றையும் பஜார்த் தராசு ஒன்றையும் வகுப்பில் வைப்போம், கூடை எவ்வளவு என்று பிள்ளைகளே நிறுக்கட்டும், அது வேறு இது வேறு என்று மனதில் பதியும் என்றேன். மக்பூல் எழுந்து நின்று, "இது எனக்குத் தோணலீங்களே சார்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நோட்டில் என் கையாலேயே எழுதினேன்.

தராசு பிடித்தது மக்பூல். தபித்தாள் பிள்ளைகளை வரிசையாக விட்டார். காலிக் கூடை ஒன்றேகால் ராத்தல் இருந்தது. ஒன்றேகால், ஒன்றேகால் என்று பிள்ளைகள் தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டார்கள். நான் அதைக் காதில் வாங்கவில்லை, கணக்குச் சரியாக வந்தால் போதும் என்றிருந்தேன். வந்தது. அந்த வருஷம் வாரம் தவறாமல் கூடினோம். கணக்கு முடிந்து வாசிப்புக்குப் போனோம், அங்கேயும் என் தப்பு இரண்டு அகப்பட்டது. நவம்பரில் அறுபத்திரண்டு பேரில் நாற்பத்தேழு பேர் தேறினார்கள். இன்ஸ்பெக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உர மூட்டை வேறு இடம் தேடிக்கொண்டது.

பிள்ளைகளின் ஒன்றேகால் அதற்குள் வீடு வீடாகப் பரவியிருந்தது. பரீட்சை முடிந்து பத்து நாள் கழித்து, சாயங்கால நிறுவையில் மூக்கம்மாவின் அம்மா கூடையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, காலிக் கூடையை வேலனின் தராசில் தொங்கவிட்டாளாம். "இதை நிறுங்க சாமி, நீங்க ரெண்டு கழிக்கறீங்க, புள்ள ஒண்ணேகாலுன்னு சொல்லுது" என்றாளாம். அவளுக்குப் பின்னால் நின்ற நாற்பது பெண்களும் கூடையைக் கவிழ்த்தார்கள்.

மறுநாள் காலை பங்களா வராந்தாவில் நின்றேன். துரை நாற்காலியில், வேலன் பக்கத்தில். என்னை முன்பின் தெரியாதவன்போல் வேலன் பார்த்தான். துரை தோட்டத்துத் தமிழில் நிதானமாகக் கேட்டார்.

"பள்ளிக்கூடத்தில் கூடை நிறுத்தது யார்?"

தராசு பிடித்தது யார் என்று அவர் கேட்டதாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். என் நான்கு பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டேன்.

"மக்பூல்" என்றேன்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை. அன்று மத்தியானமே மக்பூலுக்குச் சீட்டுக் கிழிந்தது. வருஷம் முழுக்க அவர் கோள் சொல்வார் என்று காவல் காத்தேன்; கடைசியில் பங்களாவுக்குப் போய்ச் சொன்னவன் நான். தபித்தாள் ஒரே ஒரு தடவை கேட்டார், "கூடை யோசனை உங்களோடதுதானுங்களே சார்?" நான் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். அவரும் மறுபடி கேட்கவில்லை.

சாயங்காலம் மக்பூல் தகரப் பெட்டியோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கீழே பஸ் வர இன்னும் நேரம் இருந்தது.

"வகுப்பை ஒப்படைச்சுட்டுப் போறேனுங்க சார்" என்று எனக்கு எதிரே உட்கார்ந்தார். இனி மூன்றாம் வகுப்பும் என் தலையில்தான். முப்பத்தொரு பிள்ளைகள். ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தார். இவனுக்குக் கரும்பலகை தெரியாது, முன்னால் உட்கார வைக்கணும். இவள் வீட்டில் கன்னடம், மெதுவாகச் சொன்னால் பிடித்துக்கொள்வாள். மூக்கம்மாவுக்கு இனி என்ன சொல்லிக்கொடுக்கணும் என்றும் சொன்னார்.

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது கேட்கப்போகிறார்? இந்தப் பெயருக்கு அப்புறமா, அடுத்ததற்கு அப்புறமா? என்ன சொல்லித் தப்பிப்பது என்று மனதுக்குள் வார்த்தை தேடிக்கொண்டே இருந்தேன். இந்தப் பொறுமைக்குள் ஏதோ இருக்கிறது, கடைசியில் வைத்து அறையப்போகிறார் என்று நினைத்தேன். முப்பத்தொன்றாவது பெயரும் முடிந்தது.

"அவ்வளவுதானுங்க சார்" என்று எழுந்து பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலை மூன்றாம் வகுப்பில் போய் நின்றேன். முப்பத்தொரு பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொன்னதில், ஒரு பிள்ளையைப் பற்றிக்கூட எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை.