தூண்களுக்கு நடுவே எழுந்த சுவர்

எங்கள் அத்தை ரெஜினாவிடம் பிளான் அப்ரூவல் வாங்காமல் வங்காள விரிகுடா ஓர் அலையைக்கூடக் கரைக்கு அனுப்பாது. அவர் பட்டாளத்தில் போட்ட பாலங்களை வரிசையாக வைத்தால் புதுப்பட்டினத்திலிருந்து அந்தமானுக்கு நடந்தே போகலாம்.

சரி, உண்மைக்கு வருகிறேன். செய்யூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு வேர்க்கடலை பிடுங்கிய ஏசுதாஸின் மகள் அவர். கட்டடக்கலை படித்து, ராணுவப் பொறியாளர் பிரிவில் சேர்ந்து மேஜர் ஆனார். ஆற்றின் மேல் அவசரப் பாலம் போடும் நூற்றிருபது பேர் அவர் நில் என்றால் நின்றார்கள். இப்போது புதுப்பட்டினத்தில் செல்போன் கடை மாடியில் வீட்டு பிளான் போடுகிறார். வரைந்து முடித்தபின் சமையலறையை இடம் மாற்றச் சொல்கிறவர்களிடம்கூடக் குரல் உயர்த்த மாட்டார். "இவங்க இன்னா என் ஜவானுங்களா?" என்பார்.

பக்கத்துக் குப்பத்தின் புயல் காப்பகம் அவர் வரைந்தது. உயரமான தூண்களின் மேல் கூடம். கீழே வெறும் வெளி, கடல் வந்தால் புகுந்து போவதற்கு. சும்மாதானே கிடக்கிறது என்று குப்பத்தார் கீழே சுற்றிச் சுவர் எழுப்பி வலை வைத்துவிட்டார்கள். போன கார்த்திகையில், புயல் வருகிற அன்று காலையில், என்னையும் கூட்டிக்கொண்டு போனபோதுதான் அத்தை அதைப் பார்த்தார். மேலே முந்நூறு பேர் ஏறப்போகிறார்கள்.

"சுவரு தண்ணிய மறிச்சா தூணு தாங்காதுண்ணே," என்றார் குப்பத்துத் தலைவர் லட்சுமணனிடம்.

"புதுச் சுவரும்மா. எட்டு மூட்டை சிமெண்ட்டு. வலைய எங்க வெக்கறது?"

"மேல வெச்சிக்கோங்க."

"வலை மேல, ஜனம் கீழயா?"

யாரும் அசையவில்லை. அத்தை வாதாடவில்லை, கடப்பாரையை எடுத்துத் தானே இடிக்கத் தொடங்கினார். மழை வலுத்தது.

அப்போது கோயில் மைக்கில் அத்தையின் குரல் அதிர்ந்தது. "மேஜர் ரெஜினா பேசறேன். பத்து நிமிஷம். வூட்டுக்கு ஒரு ஆளு, கையில கடப்பாரை. வராதவன் வலை கடலுக்குப் போவும்."

முதலில் ஓடி வந்தவர் லட்சுமணன்.

மதியத்துக்குள் சுவர் இல்லை. சாயங்காலம் கடல் தூண்களுக்கு நடுவே நுழைந்து, சவுக்குத் தோப்பு வரை போய், வந்த வழியே திரும்பியது. ஒரு தூண்கூட முனகவில்லை. விடிந்ததும் முந்நூறு பேரும் படியிறங்கி, சேற்றில் நின்றுகொண்டு டீ கேட்டார்கள். அத்தை ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பார்த்தார். கடைசித் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, வெகு நேரம் கண்ணை மூடியிருந்தார்.

இதுவரை எழுதியதை அவரிடமே படிக்கக் கொடுத்தேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"மைக்ல கொரலு வந்தப்போ நான் சுவத்த இடிச்சிகினு இருந்தேனே, ஜெனிட்டா?"

"புயல் காத்துல எல்லாம் கலந்து கேக்கும் அத்தை."

"காத்து கோயில் பூட்டையும் தொறந்துச்சா?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"சுவரு போச்சே, அது போதும்," என்றார். "என் கொரலு நெசமாவே அவ்ளோ கட்டையாவா கீது?"