மன்னவனூர் போனோம், பூம்பாறையில் ஒரு நல்ல செய்தி

குழந்தைக்குத் திட்டமிட்டபோது மருத்துவர் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். எனக்கு ரூபெல்லா எதிர்ப்புசக்தி இல்லை என்று தெரிந்தது. தடுப்பூசி போட்டுவிட்டு, "ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். சும்மா இருப்பானேன் என்று நானும் கணவர் குமாரும் திருப்பூரிலிருந்து காரைக் கிளப்பினோம். பழனியில் காலைச் சாப்பாடு. கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூருக்கு இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டர் போக வேண்டும்.

தங்கியது, பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடும் முத்துலட்சுமி அக்கா வீட்டில். காரட், உருளை பயிரிடும் குடும்பம். மறுநாள் காலை ஏரிக்கரையில் பனி விலகுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் வீடே அமைதியாக இருந்தது. அக்காவின் நாலு வயது மகள் யாழினிக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் இளஞ்சிவப்புத் தடிப்பு. ரூபெல்லா போல இருக்கிறது என்றாராம் ஊருக்கு வந்த நர்ஸ். குழந்தை சில நாளில் தேறிவிடும். கவலை அதே வீட்டில் இருக்கும் அக்காவின் கொழுந்தன் மனைவி பவித்ராவைப் பற்றித்தான். அவளுக்கு இரண்டாம் மாதம்.

"காரட் சோலி கெடக்கட்டும், வெரசா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. பஸ்ஸுக்கு நிக்க வேணாம், நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்றார் குமார், அவர்களுடைய பேச்சு அதற்குள் தொற்றியிருந்தது.

காரில் பவித்ரா என் கையை விடவேயில்லை. "புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமாக்கா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஆரம்ப மாசத்துல வந்தா கண்ணு, காது, இதயத்தைப் பாதிக்கலாம். ஆனா உன் ஒடம்புல எதிர்ப்பு ஏற்கனவே இருந்துச்சுன்னா பயமில்ல. அதைப் பாக்கத்தான் போறோம்."

கொடைக்கானலில் ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள். முடிவு மறுநாள் வரும் என்றார்கள். அதுவரை யாழினியிடமிருந்து தள்ளியிருக்கட்டும் என்று பவித்ராவை வழியில் பூம்பாறையில் அவள் அம்மா வீட்டில் இறக்கிவிட்டோம்.

அடுத்த நாள் ஊர் திரும்பும் வழியில் அங்கே நிறுத்தினோம். முற்றமெங்கும் பூண்டு காய்ந்துகொண்டிருந்தது. காபி ஆறுவதற்குள் போன் அடித்தது. பவித்ரா எடுத்தாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள்.

"எதிர்ப்பு முன்னாடியே இருக்காம்க்கா! புதுசா ஒட்டவும் இல்லையாம். சின்ன வயசுல ஊசி போட்டியான்னு டாக்டரம்மா கேக்குறாங்க. எட்டாவதுல போட்டாங்க. நான் பாத்ரூம்ல ஒளிஞ்சிக்கிட்டேன், டீச்சர் இழுத்துட்டு வந்தாங்க!"

அவள் அம்மா அழுதுகொண்டே ஒரு மூட்டைப் பூண்டை எங்கள் டிக்கியில் ஏற்றினார். பூண்டு வாசனை தாங்காமல் பழனி வரை கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் வந்தோம்.

நீங்கள் போவதானால் கொடைக்கானலிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், மதியத்துக்கு மேல் பனி இறங்கும், வெள்ளனே கிளம்புங்கள். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முதலிலேயே மருத்துவரிடம் ரூபெல்லா பற்றிக் கேளுங்கள். கர்ப்பமான பிறகு இந்த ஊசி போட முடியாது.

நேற்று முத்துலட்சுமி அக்கா பேசினார். யாழினி நன்றாக இருக்கிறாள். சித்தி வீடு திரும்பியதும் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பாப்பா தூங்குது, எல்லாரும் மெதுவாப் பேசுங்க" என்று வீட்டையே அதட்டினாளாம்.