வார்னிஷுக்கு அடியில்

இடது கை கம்பை மெதுவாக உருட்டிக்கொடுத்தது. வலது கை தூரிகையை ஒரே சீராக இழுத்தது. தேன் நிறத்தில் வார்னிஷ் பரவ, பின்னாலேயே பளபளப்பு எழுந்தது. ஓரிடத்தில் துளி திரண்டு வழியப் பார்த்தபோது சுண்டுவிரல் அதைத் தொட்டு எடுத்தது. அப்பழுக்கில்லாத வேலை. ஆனால் செய்யக் கூடாத வேலை என்பது செய்துகொண்டிருந்தவருக்கு நன்றாகவே தெரியும்.

கம்புச் சண்டை பழகும் கம்புக்கு வார்னிஷ் ஆகாது. உள்ளங்கை வியர்த்ததும் பிசுபிசுக்கும். கைக்குள் வழுக்கி ஓட வேண்டிய கம்பு நடுவழியில் பிடித்துக்கொண்டு நிற்கும். பயிற்சிக் கூடத்தில் இதை எல்லோருக்கும் வாய் வலிக்கச் சொல்லிவந்தவரே அவர்தான்.

பகலில் அவர் பஸ் பணிமனையில் கிழிந்த இருக்கைகளுக்கு உறை தைப்பவர். குனிந்தே தைத்து முதுகு பிடித்துக்கொண்டதால், யாரோ சொன்னார்கள் என்று மாலையில் கம்பு சுற்றப் போனார். முதுகு சரியானது, கம்பு விடவில்லை. கம்பைப் பராமரிக்க அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை, கெடுத்துத்தான் கற்றுக்கொண்டார். முதல் கம்பை எண்ணெயில் ஊறப்போட்டு, தொட்டால் ஒட்டும் பிசினாக்கினார். அடுத்ததைச் சுவரில் சாத்தியே வைத்து வில்லாக வளைத்தார். இன்னொன்றை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து மேலெல்லாம் சிராய் கிளப்பினார். பிறகுதான் கம்பைச் சுவரில் ஆணிகள் மேல் படுக்கையாக வைக்கவும், மரத்தின் போக்கிலேயே உப்புத்தாள் போடவும், லின்சீட் எனும் ஆளிவிதை எண்ணெயை மெல்லத் தடவி மீதியை அழுந்தத் துடைத்தெடுக்கவும் கை பழகியது.

இவற்றையெல்லாம் விட அவர் பெருமைப்பட்ட வித்தை ஒன்று உண்டு. அடி வாங்கிக் குழிந்த இடத்தில் ஈரத்துணியை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்துவார். மரம் ஆவி குடித்து உப்பி, பள்ளம் இருந்த இடம் தெரியாமல் போகும். வாரம் தவறாமல் தன் கம்புக்கு இதைச் செய்வார். கூடத்தில் அவருக்கு ‘இஸ்திரி’ என்றே பெயர். புதிதாக வருகிறவர்கள், “அண்ணன் கடை எங்கே இருக்கு?” என்று விசாரிப்பதும் உண்டு.

இப்படிப்பட்ட கம்பை வைத்துக்கொண்டுதான் அவர் தோற்றார்.

கூடத்தை நடத்தும் ஆசிரியை தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அதிகம் பேசமாட்டார். ஞாயிறு காலை வகுப்பை இனி வேறு யாராவது எடுக்கட்டும் என்று முடிவு செய்தார். அந்த இடத்துக்கு இஸ்திரி எத்தனையோ நாளாகக் காத்திருந்தார். ஆசிரியை அவருடைய கம்பையும் அவர் மச்சினனின் கம்பையும் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, மச்சினனைக் காட்டி, “இவர் எடுக்கட்டும்” என்றார். அவ்வளவுதான்.

மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. கூடத்துக்கு அவனைக் கையைப் பிடித்து அழைத்துவந்ததே இவர். தினமும் அவனோடு ஜோடி சேர்ந்து பழகுவதும் இவர். அவன் கம்போ, அழுக்கேறி, எண்ணெய் காணாமல், மூலையில் கிடக்கும் ஒட்டடைக் குச்சி மாதிரி இருக்கும். இரண்டையும் ஒன்றாகப் பார்த்த பிறகுமா அவனுக்கு? இஸ்திரிக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டிலோ மனைவி தம்பியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள்.

“பக்கத்து வீட்டுல கூட சொல்லிட்டேன், இனிமே அவன் மாஸ்டர்னு.”

“தமுக்கு அடிச்சியா, இல்ல வாயாலயே சொன்னியா?”

“அவன் பேரை எடுத்தாலே உங்க மூஞ்சி ஏன் இப்படிக் கோணுது?”

அந்தச் சமயத்தில்தான் மச்சினன் கம்போடு வந்தான். ஏற்கனவே அவனே ஒரு பூச்சு வார்னிஷ் அடித்து, திட்டுத்திட்டாக்கி வைத்திருந்தான்.

“அத்தான், முதல் நாள் வேற கூடங்கள்ல இருந்தெல்லாம் பார்க்க வர்றாங்க. பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு அடிச்சேன், சொதப்பிட்டேன். நீங்க இன்னொரு கோட்டு அடிச்சுக் குடுங்களேன்.”

இஸ்திரி வாயைத் திறந்தார். வார்னிஷ் கூடாதுடா என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. வாயை மூடிக்கொண்டார். மறுபடி திறந்தபோது, “அதுக்கென்ன, அடிச்சிட்டாப் போச்சு” என்றுதான் வந்தது.

சதி ஒன்றும் செய்ய வேண்டாம். கேட்டதைக் கேட்டபடி செய்து கொடுத்தால் போதும். ஞாயிறன்று அத்தனை பேர் முன்னால் அவன் கம்பை முன்னே செலுத்துவான். அது கையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆசிரியை பார்ப்பார். யாரும் இவரை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அந்த நினைப்பில்தான் தூரிகை அவ்வளவு சீராக ஓடியது.

பூச்சு நன்றாகக் காய்ந்ததும், எந்த அளவுக்கு ஒட்டுகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது. பின்கட்டு அறையில் நின்று கம்பை முன்னே செலுத்தினார். பாதியில் பிடித்து, கட்டைவிரல் இடுக்குத் தோலைக் கிள்ளியது. வலித்தாலும் சிரிப்பு வந்தது. இன்னொரு முறை செலுத்தப் போனபோது ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்தது. பளபளப்பில் சின்னச் சின்ன நிழல்கள் தெரிந்தன.

பள்ளங்கள். ஒரு முனையிலிருந்து சற்றுத் தள்ளி, ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. மற்ற இடமெல்லாம் குழந்தைக் கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது.

இது எப்படி? வாங்கிய அடியெல்லாம் ஒரே இடத்திலா? பள்ளங்களின் ஆழமும் சாய்வும் தெரிந்தால்தான் சொல்ல முடியும். வார்னிஷோ அவற்றை நிரப்பி மூடியிருந்தது. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உடைந்த கண்ணாடிச் சில்லு ஒன்றை எடுத்து, அந்த இடத்தை மட்டும் சுரண்டினார். அது போதவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று, கடைசியில் முழுக் கம்பின் தோலும் தரையில் சுருள் சுருளாகக் கிடந்தது.

எல்லாப் பள்ளங்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அந்தச் சாய்வு அவருக்குத் தெரியும். மேலிருந்து இறக்கும் அவருடைய சொந்த அடி. அவன் ஜோடி அவர் ஒருவர்தானே. இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடித்ததையெல்லாம் அவன் ஒரு கையகலத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

தன் கம்பைச் சுவரிலிருந்து எடுத்தார். அவன் அடிகளை இவர் எங்கெங்கே வாங்கினார்? நுனியிலா, நடுவிலா, விரலுக்குப் பக்கத்திலா? கம்பில் ஒன்றுமே இல்லை. வாராவாரம் இஸ்திரி போட்டுத் தன் தப்பையெல்லாம் தானே அழித்திருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் ஆசிரியை பார்த்ததும் அவன் கம்பின் கையகலப் பள்ளங்களையும் இவர் கம்பின் வெறும் வழவழப்பையும்தான்.

அதுவரை அவன் அதிர்ஷ்டத்தின் மேல்தான் பொறாமை. இப்போது அவன் கையின் மேலேயே வந்தது. முன்னதை விட இது அதிகமாக எரிந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். “அவன் பளபளன்னு கேட்டான். நீங்க தோலை உரிச்சு வெச்சிருக்கீங்க. இதெல்லாம் பொறாமை, வேறென்ன.”

“ஆமா” என்றார்.

சண்டைக்குத் தயாராக வந்தவள், தரையில் கிடந்த சுருள்களைக் காலால் ஒதுக்கிவிட்டுப் போனாள்.

மறுபடி வார்னிஷ் பூச அவருக்கு மனம் வரவில்லை. அந்தப் பள்ளங்களை மூடினால் கண்டுபிடித்ததையே தொலைத்த மாதிரி ஆகிவிடும். சொரசொரவென்று விடவும் கை கேட்கவில்லை. முதலில் முரட்டு உப்புத்தாள், பிறகு நைசானது. தூக்கிக்கொண்டிருந்த ஒரு சிராயை மட்டும் பிளேடால் சாய்த்து வெட்டி வழித்தார். லேசாக எண்ணெய். துடைத்த துணியைச் சுருட்டி எறியாமல் வெளியே விரித்துக் காயப்போட்டார். சுருட்டினால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். இஸ்திரிப் பெட்டியை எடுக்கவே இல்லை.

சனிக்கிழமை மாலை மச்சினன் வந்தான். கம்பைப் பார்த்து முகம் தொங்கியது.

“என்ன அத்தான், மங்கிக் கிடக்கு?”

“வார்னிஷ் போட்டா கையில ஓடாது. நாளைக்கு எல்லார் முன்னாடியும் அசிங்கப்பட்டிருப்பே.”

“குடுக்கும்போதே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லப் பிடிக்கல.”

அவன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கம்பைத் தடவினான். “பள்ளம் அப்படியே இருக்கு. நீங்க இஸ்திரி போடலயா?”

“போடலை. இனிமே நீயும் போடாதே. சிராய் எழுந்தா மட்டும் வழிச்சு விடு. சுவர்ல சாத்தி வைக்காதே. ஈரத்துணி படக் கூடாது.” கம்பைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். “முதல்ல ஒண்ணு சொல்லு. என் அடி எல்லாத்தையும் எப்படிடா ஒரே எடத்துல வாங்குறே?”

மச்சினன் தலையைச் சொறிந்தான். “அதுவா... அடிக்கிறதுக்கு முன்னாடி உங்க வலது தோள் லேசா மேல ஏறும் அத்தான். அதைப் பார்த்ததும் கம்பைக் கொண்டுபோய் வெச்சிடுவேன்.”

“இத்தனை நாளாவா?”

“ஆரம்பத்துல இருந்தே.”

“ஒரு வார்த்தை சொன்னியா?”

“சொன்னா நீங்க தோளை ஏத்துறதை நிறுத்திடுவீங்களே” என்றான் அவன், கொஞ்சமும் கூசாமல்.

இஸ்திரி கம்பை இரண்டு கையாலும் எடுத்து அவனிடம் நீட்டினார். நீட்டும்போது வலது தோளைக் கவனமாகக் கீழேயே வைத்திருந்தார்.